செவ்வியல் மொழிகளுக்கு இனி ஆசிரியர்கள் யார்?

பல்கலைக்கழகம் ஒன்றில் மூத்த பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெறுவது பெரிய செய்தியாவதில்லை. ஆனால், அவர் பண்டைய கிரேக்கத்தையோ இலத்தீனையோ கற்பித்தவராக இருந்தால், அவருடைய இடத்துக்கு இன்னொருவர் நியமிக்கப்படுவாரா என்கிற கேள்வி இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உடனடியாக எழுகிறது. இயற்பியலிலோ பொருளியலிலோ ஓர் இடம் நிரப்பப்படாமல் போனால் மற்றவர்களின் பணிச்சுமை கூடும்; துறை நிலைத்திருக்கும். இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்களை மட்டுமே கொண்ட சிறிய செவ்வியல் துறையில் ஓர் இடம் போனால், அந்த வளாகத்தில் ஹோமரை மூலமொழியில் படிக்கும் வாய்ப்பே இல்லாமல் போகக்கூடும்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் 2021-இல் தன் செவ்வியல் துறையைக் கலைக்கும் முடிவை அறிவித்தது. 1867-இல் தொடங்கப்பட்ட, கறுப்பின மக்களின் உயர்கல்வியில் தனியிடம் வகிக்கும் நிறுவனம் அது. அதேபோன்ற வரலாறு கொண்ட பல்கலைக்கழகங்களில் செவ்வியலுக்கெனத் தனித்துறை அங்கு மட்டுமே எஞ்சியிருந்தது. கிரேக்க, ரோமானிய உலகில் கறுப்பின மக்களின் இடம் என்ன என்பதை ஆராய்ந்து 1970-இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட ஃபிராங்க் ஸ்நோடன் பல்லாண்டுகள் பணியாற்றிய துறை அது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மாரிசன் அங்கு செவ்வியலைத் துணைப்பாடமாகப் படித்தவர். துறை கலைக்கப்பட்டபோது, பாடங்கள் சில பிற துறைகளில் தொடரும் என்று நிர்வாகம் கூறியது. ஆனால், தனக்கென நியமன அதிகாரம் இல்லாத ஒரு பாடம் எத்தனை காலம் தொடரும் என்பதே இங்கு எழும் வினா.

ஒரு துறையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை அதன் பெருமையோ பழைமையோ அல்ல. அடுத்த ஆசிரியரை நியமிக்கும் முடிவுகளே. அந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எந்த அளவுகோல்களைக் கொண்டு எடுக்கிறார்கள், அவற்றால் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால், கிரேக்க, இலத்தீன் கல்வி இன்று சந்திக்கும் நெருக்கடியின் வடிவம் தெளிவாகும்.

கட்டாயத்தில் வளர்ந்த துறை

ஐரோப்பாவில் இந்த மொழிகளுக்கான பணியிடங்கள் அரச ஆதரவோடும் திருச்சபை ஆதரவோடும் உருவானவை. கேம்பிரிட்ஜில் கிரேக்கத்துக்கான அரச பேராசிரியர் இருக்கையை 1540-இல் எட்டாம் ஹென்றி மன்னர் நிறுவினார். ஆனால், பிற்காலத்தில் இத்துறையைப் பெருக்கியது ஆதரவு மட்டுமன்று, கட்டாயமும்கூட. கிரேக்கம் தெரியாத மாணவர் 1919 வரை கேம்பிரிட்ஜிலும், 1920 வரை ஆக்ஸ்ஃபோர்டிலும் பட்டம் பெற இயலாது. இலத்தீன் குறித்த நிபந்தனை அவ்விரு பல்கலைக்கழகங்களிலும் 1960-ஐ ஒட்டித்தான் விலக்கப்பட்டது.

இந்தக் கட்டாயம் பல்கலைக்கழக வாயிலோடு நிற்கவில்லை. இந்தியாவை ஆளும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க 1855-இல் தொடங்கிய போட்டித் தேர்வில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண்களும் இலத்தீனுக்கு 750 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டன. சம்ஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375 மட்டுமே. இந்தியாவை ஆளப் போகிறவர்களுக்கு இந்திய மொழிகளைக் காட்டிலும் ஹோமரும் வர்ஜிலும் பயன்தரும் என்றிருந்த காலம் அது. உயர்பதவிக்கு வழி இம்மொழிகள் என்றானபோது பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களை உருவாக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள்.

கட்டாயம் நீங்கியபோது அந்தச் சங்கிலி அறுந்தது. விரும்பி வரும் மாணவர்களை நம்பியே துறைகள் இயங்க வேண்டியதாயிற்று. விரும்பி வருவதற்கோ, பள்ளியிலேயே அம்மொழிகளோடு ஓர் அறிமுகம் வேண்டும். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் 2.7 விழுக்காட்டில்தான் நடுநிலை வகுப்புகளில் இலத்தீன் கற்பிக்கப்படுகிறது; கட்டணப் பள்ளிகளிலோ 49 விழுக்காட்டில் கற்பிக்கப்படுகிறது என்று அந்நாட்டு அரசே 2021-இல் எடுத்துக்காட்டியது. அந்த இடைவெளியைக் குறைக்க 40 லட்சம் பவுண்டு செலவில் அரசுப் பள்ளிகளுக்கென ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆட்சி மாறியது, 2025 பிப்ரவரியோடு அத்திட்டத்துக்கான நிதி நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவிலும் போக்கு இதுவே. அந்நாட்டின் நவீன மொழிக் கழகம் எடுத்த கணக்கின்படி, கல்லூரிகளில் ஆங்கிலம் அல்லாத மொழிகளைப் படிப்போரின் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையில் 16.6 விழுக்காடு குறைந்தது. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடங்களை ஒதுக்கும் நிர்வாகத்தின் மேசையில், ஐந்து பேர் படிக்கும் கிரேக்க வகுப்பு ஒரு வீண்செலவாகத் தெரிவதில் வியப்பில்லை.

பழைய நியமனங்களின் இரு முகங்கள்

இன்றைய நடைமுறையைக் குறை கூறுவோர் சிலர் பழைய காலத்தை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஃபிரெடெரிக் நீட்சே 1869-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழியியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 24. முனைவர் பட்டம்கூட அப்போது அவரிடம் இல்லை. அவருடைய ஆசிரியர் ரிச்சல் எழுதிய பரிந்துரைக் கடிதமே போதுமானதாக இருந்தது. நியமனம் உறுதியான பிறகு லைப்சிக் பல்கலைக்கழகம் தேர்வு ஏதுமின்றி அவருக்குப் பட்டத்தை வழங்கியது.

ஆங்கிலக் கவிஞராகவும் அறியப்பட்ட ஏ.இ. ஹவுஸ்மன் 1881-இல் ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் தோற்றவர். பின்னர் லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பத்தாண்டுகள் எழுத்தர் வேலை பார்த்தார். மாலை நேரங்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் அமர்ந்து இலத்தீன், கிரேக்கக் கவிஞர்களின் பாடத் திருத்தங்கள் குறித்துக் கட்டுரைகள் எழுதினார். அந்தக் கட்டுரைகளின் தகுதி ஒன்றையே வைத்து 1892-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி அவரை இலத்தீன் பேராசிரியராக நியமித்தது. தாம் தேர்வில் தோற்றதை விண்ணப்பத்திலேயே அவர் குறிப்பிட்டிருந்தார். 1911-இல் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். இன்று இணையவழி விண்ணப்பப் படிவத்தின் முதல் வடிகட்டலிலேயே அவர் நீக்கப்பட்டிருப்பார்.

ஆனால், சிலருக்கு மட்டுமே திறந்த கதவு அது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1852-இல் அடிமை நிலையில் பிறந்தவர் வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ. மறைவாக எழுத்துக் கற்று, ஓபர்லின் கல்லூரியில் 1875-இல் பட்டம் பெற்று, 1881-இல் கிரேக்க மொழிக்கான ஒரு பாடநூலை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவின் மொழியியல் கழகங்களில் உறுப்பினராகி ஆய்வுரைகளும் வழங்கினார். இத்தனை தகுதி இருந்தும், கறுப்பின மாணவர்களுக்கான வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்திலேயே அவருடைய பணிக்காலம் கழிந்தது. கிரேக்கச் சமயம் குறித்த ஆய்வின் போக்கையே மாற்றிய ஜேன் ஹாரிசன், லண்டனில் தொல்லியல் பேராசிரியர் இருக்கைக்கு 1888-இலும் 1896-இலும் விண்ணப்பித்தார். இருமுறையும் ஆண் ஒருவரே நியமிக்கப்பட்டார்.

நியமன அதிகாரம் ஓரிருவர் கையில் இருந்ததன் பலன் எப்போதும் தீமையாகவே முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் கிரேக்க அரச பேராசிரியர் பதவி பிரதமரின் பரிந்துரையில் மன்னரால் நிரப்பப்படுவது. 1936-இல் கில்பர்ட் மரே ஓய்வுபெற்றபோது, உள்ளூர் அறிஞர்களான மாரிஸ் பவுராவும் டெனிஸ்டனும் எதிர்பார்க்கப்பட்டனர். மரேயின் கருத்தைக் கேட்டுப் பிரதமர் பால்ட்வின் நியமித்ததோ, பர்மிங்காமில் பணியாற்றிய அயர்லாந்துக்காரரான ஈ.ஆர். டாட்ஸை. ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குக் குளிர்ந்த வரவேற்பே கிடைத்தது. 1951-இல் அவர் வெளியிட்ட, கிரேக்கர்களிடம் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டவை வகித்த இடத்தைப் பற்றிய நூல், அத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது.

இந்த வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. பழைய முறையில் திறமையை அடையாளம் காணும் கண்கள் இருந்தன. ஆனால், அந்தக் கண்களின் பார்வைக்குள் வருவதற்கே பிறப்பும் பாலினமும் பள்ளியும் அனுமதிச் சீட்டாக இருந்தன. வெளிப்படையான விளம்பரம், தேர்வுக் குழு, எழுத்துபூர்வமான அளவுகோல்கள் ஆகியவை இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தன.

இன்றைய நியமனம் எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் ஓர் உதவிப் பேராசிரியர் இடம் உருவாவதற்கு முதலில் துறை, புலத் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார் என்பதற்காக அந்த இடம் தானாகவே துறைக்குத் திரும்பி வருவதில்லை. அது நிர்வாகத்தின் பொதுத் தொகுப்புக்குள் போய்விடும். கணினியியலும் வணிகவியலும் அதே தொகுப்பிலிருந்து இடம் கேட்கும். இந்த முதல் கட்டத்திலேயே பல செவ்வியல் இடங்கள் மறைந்துவிடுகின்றன. அவை விளம்பரத்துக்கே வராததால், வெளியுலகுக்கு அந்த இழப்பு தெரிவதில்லை.

அனுமதி கிடைத்தால் இலையுதிர் காலத்தில் விளம்பரம் வரும். 'இலத்தீன் கவிதை', 'கிரேக்க உரைநடை', 'ரோமானிய வரலாறு' என்று ஒரு காலத்தில் விளம்பரங்கள் குறுகிய நிபுணத்துவத்தைக் கேட்டன. இன்று ஆசிரியர் எண்ணிக்கை குறைந்ததால், ஒரே ஆள் இரு மொழிகளையும் கற்பித்து, புராணவியல் பொதுப்பாடத்துக்கு நூற்றுக்கணக்கான மாணவர்களையும் ஈர்த்து, தொல்லியலோ பாலின ஆய்வோ தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. மூவர் செய்த வேலையை ஒருவரிடம் எதிர்பார்க்கிறது விளம்பரம்.

விண்ணப்பதாரர் ஒரு கடிதம், தன்விவரம், பெரும்பாலும் மூன்று பரிந்துரைகள், ஆய்வு எழுத்தின் மாதிரி, கற்பித்தல் அறிக்கை ஆகியவற்றை அனுப்ப வேண்டும். 1869-இல் தொடங்கிய அமெரிக்க மொழியியல் கழகம், இப்போது செவ்வியல் ஆய்வுக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் ஆண்டு மாநாடு ஜனவரியில் தொல்லியல் கழகத்தோடு இணைந்து நடக்கும். முதற்கட்ட நேர்காணல்கள் நெடுங்காலம் அங்குதான் நடந்தன. வேலையில்லாத இளைஞர் சொந்தச் செலவில் விமானமேறி, விடுதி அறை எடுத்து, அரைமணி நேர நேர்காணலுக்குக் காத்திருப்பார். கரோனாவுக்குப் பிறகு இக்கட்டம் பெரும்பாலும் காணொலிக்கு மாறியது, ஏழை விண்ணப்பதாரர்களுக்குக் கிடைத்த ஒரு நல்ல மாற்றம். அதன்பின் மூன்று பேர் அளவில் வளாகத்துக்கு அழைக்கப்படுவார்கள். ஆய்வுரை, மாதிரி வகுப்பு, விருந்து, நிர்வாகிகளுடன் சந்திப்பு என இரண்டு நாள்கள் கழியும். தேர்வானவர் ஆறு ஆண்டுகள் அளவில் பணியாற்றிய பிறகே அவருக்கு நிரந்தரப் பணியுரிமை குறித்து முடிவெடுக்கப்படும்.

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் புதிய நியமனங்களுக்கு இத்தகைய பணியுரிமையையே நீக்கிவிட்டது. அங்கு ஒரு துறையை மூடும் முடிவு ஆசிரியர்களின் வேலையையும் சேர்த்தே பாதிக்கிறது. 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் சுமார் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை முன்வைத்தபோது, மூடப்படக்கூடிய பாடங்களின் வரிசையில் பண்டைய வரலாறும் இருந்தது.

ஓய்வு வயதும் ஒப்பந்தப் பணியும்

செவ்வியலில் முனைவர் பட்டம் பெறுவது எளிதன்று. கிரேக்கம், இலத்தீன் இரண்டிலும் விரிவான வாசிப்புத் தேர்வு உண்டு. ஆய்வு நூல்களைப் படிக்க ஜெர்மனும், பிரெஞ்சு அல்லது இத்தாலியனும் தெரிந்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு ஆண்டுகள் உழைத்து முப்பது வயதைத் தாண்டி வெளியே வருபவரின் முன்னால் இருப்பவை பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தங்கள்தாம்.

இது செவ்வியலுக்கு மட்டும் உரிய துன்பமன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்கின்படி, நிரந்தரப் பணிக்கு வழியில்லாத நியமனத்தில் இருந்த ஆசிரியர்கள் 1987-இல் சுமார் 47 விழுக்காடு. 2021-இல் அது சுமார் 68 விழுக்காடு ஆனது. நம் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று அழைக்கப்படுவோரின் நிலையோடு இவர்களின் நிலையை ஒப்பிடலாம். கற்பிக்கும் பாடம் ஒன்றே. ஊதியமும் பாதுகாப்பும் வேறு.

அமெரிக்காவில் 1994-இலிருந்து பேராசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு வயது கிடையாது. எழுபதைத் தாண்டியும் பலர் பணியில் தொடர்கிறார்கள். இளையோருக்கு வழிவிடவில்லை என்று இவர்கள்மீது குற்றம் சுமத்துவது எளிது. ஆனால், தாம் விலகினால் தம் இடமே மறைந்துவிடும் என்று அஞ்சும் ஆசிரியரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இடம் நிரப்பப்படும் என்கிற உறுதி கிடைத்தால் விலகுவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

ஓராண்டு ஒப்பந்தத்தின் விளைவு ஆசிரியரோடு முடிவதில்லை. மொழிக் கல்வி தொடர்ச்சியைக் கேட்பது. முதலாண்டில் எழுத்தும் இலக்கணமும், இரண்டாமாண்டில் எளிய உரைநடை, மூன்றாமாண்டில்தான் சோபோக்ளிஸும் தாசிதஸும். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினால் முதலாண்டு மாணவர் மூன்றாமாண்டை எட்டுவதில்லை. மாணவர் குறைகிறார்கள், அதையே காரணமாக்கி அடுத்த நியமனம் மறுக்கப்படுகிறது. மாணவர் இல்லாததால் ஆசிரியர் இல்லை என்று நிர்வாகம் சொல்கிறது. ஆசிரியர் இல்லாததால்தான் மாணவர் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கதவைத் திறப்பதும் படியைத் தாழ்த்துவதும்

பணியிடம் குறையும்போது அது யாருக்குப் போகிறது என்கிற பூசல் கூர்மையடைகிறது. 2019 ஜனவரியில் சான் டியாகோவில் நடந்த செவ்வியல் மாநாட்டில், துறையின் எதிர்காலம் குறித்த அமர்வொன்றில் பிரின்ஸ்டன் பேராசிரியர் டான்-எல் படியா பெரால்டா பேசினார். டொமினிகன் குடியரசில் பிறந்து, உரிய ஆவணங்கள் இல்லாத குடும்பத்தில் நியூயார்க்கில் வளர்ந்தவர் அவர். அவர் கறுப்பினத்தவர் என்பதால்தான் அவருக்கு வேலை கிடைத்திருக்கும் என்று அவையிலிருந்த ஒருவர் கூறியது பெரும் விவாதமானது. ஸ்கார்பரோவின் காலத்துக்குப் பிறகு நூறாண்டுகளுக்கும் மேல் கடந்தும், ஒருவரின் தகுதி குறித்த ஐயம் முதலில் அவருடைய நிறத்தின்மேல்தான் விழுகிறது என்பதையே அந்த நிகழ்வு காட்டியது.

2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், செவ்வியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் இளங்கலை மாணவர்களுக்குக் கிரேக்கமோ இலத்தீனோ கட்டாயம் என்னும் நிபந்தனையை நீக்கியது. மொழியே தெரியாமல் செவ்வியல் படிப்பதா என்று ஒரு தரப்பு கொதித்தது. பள்ளியில் இலத்தீன் படிக்கும் வாய்ப்புப் பெற்ற வசதியானவர்களுக்கு மட்டுமே துறை உரிமையாவதா என்று மறுதரப்பு கேட்டது.

இரு தரப்பும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகின்றன. ஒரு துறைக்குள் நுழைவதற்கான நிபந்தனையும், அத்துறையைக் கற்பிப்பதற்கான தகுதியும் ஒன்றல்ல. பதினெட்டு வயது மாணவருக்கு முன்னறிவு இல்லை என்பதற்காகக் கதவை அடைப்பது அநீதி. ஆனால், கற்பிக்க நியமிக்கப்படுபவர் மூலநூலைத் தாமே படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதவராக இருந்தால், அந்த மாணவருக்குக் கதவைத் திறந்ததன் பயனே போய்விடும். ஏழை மாணவருக்கு வேண்டியது மொழியற்ற செவ்வியல் அன்று. தாமதமாகத் தொடங்கினாலும் மொழியைக் கற்றுத்தரும் வழி.

அத்தகைய வழிகள் இருக்கவே செய்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் இரு மொழிகளும் தெரியாதவர்களும் செவ்வியல் பட்டப்படிப்பில் சேர்ந்து, அங்கேயே ஒரு மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்கத் தனிப் பாடப்பிரிவு உள்ளது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இலத்தீன், கிரேக்கக் கழகம் 1973-இலிருந்து கோடைக்காலத்தில் பத்து வாரங்களுக்குள் தொடக்க நிலையிலிருந்து மூலநூல் வாசிப்பு வரை கொண்டுசெல்கிறது. இளங்கலைக்குப் பிறகு மொழிப் பயிற்சியை நிறைவு செய்துகொண்டு முனைவர் படிப்புக்குச் செல்வதற்கான ஓராண்டுப் படிப்புகளும் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. இவற்றுக்கு உதவித்தொகையைப் பெருக்கினால், தகுதியைத் தளர்த்தாமலேயே நியமனத்துக்கு வருவோரின் வட்டத்தை அகலமாக்கலாம்.

நமக்கு இதில் என்ன?

இந்த மொழிகளில் எழுதப்பட்டவை எல்லாம் எப்போதோ மொழிபெயர்க்கப்பட்டுவிட்டன, இனி ஆசிரியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்னும் பழைய ஊரின் குப்பைமேடுகளில் கிரென்ஃபெல், ஹண்ட் ஆகியோர் 1896-இலிருந்து தோண்டியெடுத்த பாப்பிரஸ் துண்டுகள் ஏறக்குறைய ஐந்து லட்சம். அவற்றில் சில ஆயிரம்தான் இதுவரை பதிப்பிக்கப்பட்டுள்ளன. வெசூவியஸ் எரிமலையால் கரிந்துபோன ஹெர்குலேனியம் சுருள்களைப் பிரிக்காமலேயே படிக்கக் கணினித் துறை இளைஞர்கள் 2023-இல் வழி கண்டார்கள். கணினி காட்டியது எழுத்துகளின் வடிவத்தை. அவை எந்தச் சொல், எந்த வாக்கியம், யாருடைய கருத்து என்று சொல்ல கிரேக்கம் அறிந்த பாப்பிரஸ் அறிஞர்களே தேவைப்பட்டார்கள். செயற்கை நுண்ணறிவு புதிய மூலங்களைத் திறக்கத் திறக்க, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

தமிழகத்தின் பண்டைய வரலாற்றுக்கும் இதில் பங்கு உண்டு. முசிறியையும் பிற துறைமுகங்களையும் விவரிக்கும் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' கிரேக்கத்தில் எழுதப்பட்டது. இந்தியாவோடு நடந்த வணிகத்தில் ரோமின் செல்வம் கரைவதாகக் குறைப்பட்ட பிளினி எழுதியது இலத்தீனில். முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தமும், 'ஹெர்மாபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பும் குறித்த கிரேக்க ஆவணம் வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அது 1985-இல்தான் பதிப்பிக்கப்பட்டது. இம்மூலங்களை நாம் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிகிறோம். நாளை இன்னொரு துண்டு கிடைத்து, அதைப் படிக்க ஆளில்லாமல் போனால் இழப்பு ஐரோப்பாவுக்கு மட்டுமன்று.

செய்யக்கூடியவை என்ன? சிறிய கல்லூரிகள் தனித்தனியே நியமிக்க இயலாதபோது சேர்ந்து கற்பிக்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள சிறு கல்லூரிகள் சில 'சுனோய்கிசிஸ்' என்ற பெயரில் உயர்நிலைப் பாடங்களை இணையவழியில் பகிர்ந்துகொண்டது இதற்கு ஒரு முன்மாதிரி. ஒப்பந்தப் பணியிடம் தவிர்க்க முடியாதது என்றால், மொழிப் படிப்பு ஒரு சுற்று முடியும்வரை, அதாவது குறைந்தது மூன்றாண்டுகளுக்கு, அது நீடிக்க வேண்டும். ஓய்வுபெறுவோரின் இடம் மறைவதற்கு முன், அந்த மொழி அவ்வளாகத்தில் தொடருமா என்பதைத் துறையும் ஆட்சிக்குழுவும் வெளிப்படையாக விவாதிக்க வேண்டும்.

அறக்கட்டளை இருக்கை இன்னொரு வழி. முதலீட்டின் வட்டியிலிருந்து ஊதியம் பெறும் இடத்தை, மாணவர் எண்ணிக்கையைக் காட்டி நிர்வாகம் எளிதில் எடுத்துவிட முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் திரட்ட உலகெங்கும் தமிழர்கள் முனைந்ததும் தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியதும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டதால்தான். செவ்வியல் மொழி என்கிற தகுதியை அரசாணை தரலாம். வகுப்பறையில் ஆசிரியரை நிறுத்துவதற்கு நிலையான நிதி வேண்டும். பன்னூற்றாண்டுச் செல்வாக்குப் பெற்ற கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்குமே இன்று இந்தப் போராட்டம் என்றால், பிற பழமொழிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், நிதி மட்டுமே விடையாகாது. கொடையாளரின் விருப்பத்தை மட்டும் நம்பி ஓர் அறிவுத்துறை வாழ முடியாது. ஒரு பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்கக் கடமைப்பட்டது என்பது சந்தை தனியாகத் தீர்மானிக்கும் பொருளன்று. அது அந்தச் சமூகம் எடுக்க வேண்டிய முடிவு. ஓர் இடம் இன்று நிரப்பப்படாவிட்டால் அதன் விளைவு உடனே தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, கற்க விரும்பும் மாணவர் ஒருவர் வருவார். கற்பிக்கக்கூடியவரை உருவாக்கியிருக்க வேண்டிய தலைமுறை அப்போது இருக்காது. மூடிய துறையை மீண்டும் திறப்பதற்குப் பணம் கிடைத்தாலும், அதற்கான ஆசிரியரை அன்று எங்கிருந்து கொண்டுவருவது?